‘மருத்துவ உதவியாளர்’ என்றால் யார்? சம்பளமும் மேலே ஏறும் வழியும் எதைப் பொறுத்தவை?

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு, காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஆரம்பித்து கோபிச்செட்டிபாளையம் கடைவீதி வரைக்கும் ஒரே மாதிரியான பதாகைகள் முளைத்துவிடும். ‘மருத்துவ உதவியாளர் படிப்பு, நூறு சதவீதம் வேலை’ என்று எழுதி, ஸ்டெதஸ்கோப் மாட்டிய பெண்ணின் படம் போட்டிருப்பார்கள். செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் ‘108 ஆம்புலன்ஸுக்கு மருத்துவ உதவியாளர் தேர்வு முகாம்’ என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். கைப்பேசியைத் திறந்தால், அமெரிக்காவில் மருத்துவ உதவியாளருக்கு ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சம்பளம் என்று ஒருவர் காணொளியில் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்றிலும் வருவது ஒரே சொல்தான். ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத வேலைகள். படிப்பு வேறு, சட்டத்தில் உள்ள இடம் வேறு, சம்பளம் வேறு. “ஏனுங்க, இதப் படிச்சா என்ன சம்பளம் வருமுங்க?” என்று கேட்கும் பெற்றோருக்கு நேர்மையான ஒற்றைப் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். ஆகவே முதலில் பெயரைப் பிரித்துக்கொள்வோம்.

ஒரே பெயரில் நான்கு பேர்

1. வார்டு உதவியாளர். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, விரிப்பு மாற்றுவது, காய்ச்சலும் பிபியும் பார்த்துக் குறிப்பது, எடுத்த ரத்தத்தை லேபில் சேர்ப்பது எல்லாம் இவர் வேலை. பழைய பேச்சில் வார்டு பாய், ஆயா. திறன் பயிற்சித் திட்டங்கள் வைத்திருக்கும் புதுப் பெயர் ‘ஜெனரல் டூட்டி அசிஸ்டன்ட்’. சில மாதப் பயிற்சி போதும். தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனா திட்டத்தில் கிராமப்புற இளைஞர்களுக்கு இந்தப் பயிற்சியை இலவசமாகவே தருகிறார்கள். சின்ன ஊர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, எடை பார்த்து, எல்லாராலும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடப்படும் பெண்ணும் பெரும்பாலும் இந்த வகைதான்.

2. டெக்னீஷியன். லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், மயக்கவியல், ஈசிஜி, கேத் லேப் (இதய ரத்தக் குழாய்களைப் பரிசோதிக்கும் கூடம்) என்று ஒரு கருவியையோ ஒரு பிரிவையோ சேர்ந்தவர். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும், லேப் போன்றவற்றுக்கு இரண்டாண்டு டிப்ளமோவும் உண்டு. பி.எஸ்சி. என்றால் மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சிப் பணியும். பட்டத்தைத் தருவது கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

3. ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர். 108 வண்டியின் பின்பகுதியில் நோயாளியோடு உட்கார்ந்து வருபவர். 2008 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியபோது, அறிவிப்புகளில் இவருக்கு வைத்த பெயர்தான் ‘மருத்துவ உதவியாளர்’. இவருக்கென்று தனிப் படிப்பு கேட்பதில்லை. செவிலியப் படிப்பு, லேப் டிப்ளமோ, அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பி.எஸ்சி. இருந்தால் எடுத்து, அவர்களே பயிற்சி தருகிறார்கள்.

4. பிசிஷியன் அசிஸ்டன்ட். மருத்துவருக்கு நேரடித் துணையாக இருப்பவர். நோய் வரலாறு கேட்டு எழுதுவது, ரவுண்ட்ஸில் கூட நடப்பது, அறுவை சிகிச்சையில் உதவுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது இவர் பொறுப்பு. 1992-ல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம். செரியன் தொடங்கியதுதான் இந்தியாவில் இப்படிப்பின் முதல் வகுப்பு. இப்போது நான்காண்டு பட்டப் படிப்பு. தனியாக மருந்துச்சீட்டு எழுதும் உரிமை இவருக்குக் கிடையாது.

இந்த நான்குமே செவிலியர் பதவி ஆகாது. செவிலியர் என்று சொல்லிக்கொள்ள ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-தாதியர் படிப்பு), ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றில் ஒன்றை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மாடிக் கட்டடத்தில் நடக்கும் ஓராண்டு ‘நர்சிங் அசிஸ்டன்ட்’ வகுப்பை முடித்தவருக்கு இந்தப் பதிவு கிடைக்காது. வெள்ளைச் சட்டை ஒன்றுபோலத் தெரியலாம், ஆனால் ஏணி வேறு. கொங்குப் பக்கத்தில் பலர் பணத்தைக் கட்டிவிட்டு ஏமாந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

சட்டம் கேட்கும் நாற்காலி

சம்பளத்தை எது தீர்மானிக்கிறது? உழைப்பின் கடினம் என்று தோன்றும். அப்படியானால் இரவெல்லாம் நோயாளியைத் தூக்கி இறக்கும் வார்டு உதவியாளருக்குத்தான் அதிகம் வர வேண்டும். உண்மையில் பேரத்தை முடிவு செய்வது வேறொரு கேள்வி: அந்த இடத்தில் தகுதியுள்ள ஆள் இல்லாவிட்டால் மருத்துவமனைக்குச் சட்டச் சிக்கல் வருமா, வராதா?

மருந்தகத்தை எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும். எக்ஸ்ரே, சிடி அறைகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை. உரிமம் வேண்டுமென்றால் தகுதியுள்ள ஆபரேட்டரைக் காட்ட வேண்டும். ரத்த வங்கியிலும் தகுதியுள்ள டெக்னீஷியன் இல்லாமல் உரிமம் கிடைக்காது. இவையெல்லாம் சட்டம் கேட்கும் நாற்காலிகள். இவற்றைக் காலியாக விட முடியாது, வேறு யாரையாவது உட்கார வைக்கவும் முடியாது.

வார்டு உதவியாளர் நாற்காலி அப்படிப்பட்டதல்ல. இன்றைக்கு ஒருவர் நின்றால், நாளை அன்னூரிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ இன்னொருவர் வந்து ஒரே வாரத்தில் பழகிக்கொள்வார். பிசிஷியன் அசிஸ்டன்ட் நிலைமை இன்னும் விசித்திரம். படிப்பு நான்காண்டு, வேலையில் பொறுப்பும் அதிகம். ஆனாலும் அவரை வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மருத்துவமனைக்கு இல்லை. அவருடைய சம்பளம் மருத்துவரின் தேவையையும் மதிப்பையும் பொறுத்தே அமைகிறது. அறுவை சிகிச்சை நிபுணர் வேறு மருத்துவமனைக்கு மாறும்போது தன் பிசிஷியன் அசிஸ்டன்டையும் கூட அழைத்துக்கொண்டு போவது இதனால்தான். நல்ல டாக்டர் அமைந்தால் யோகம், அமையாவிட்டால் கேஸ் ஷீட் எழுதியே காலம் போய்விடும்.

அடுத்தது வரத்து. கோவையின் பெரிய மருத்துவமனைகள் பலவும் சொந்தமாகத் துணை மருத்துவக் கல்லூரிகளை நடத்துகின்றன. படிக்க வைப்பவரும் வேலை தருபவரும் ஒருவரே. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் பயிற்சிப் பணிக்கு வார்டுக்குள் வருகிறார்கள். பயிற்சி மாணவருக்குக் கொடுப்பது சொற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த ஓராண்டில் அவர் செய்வது கிட்டத்தட்ட முழு வேலைதான். ஒரு குழு வெளியேறும்போது அடுத்த குழு வாசலில் நிற்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்பவரின் சம்பளம் ஏறாமல் இருப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது, பேரம் பேச ஆள் இல்லாதது. பக்கத்திலேயே திருப்பூரைப் பாருங்கள். பனியன் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். 2021 ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 32 சதவீத உயர்வு பேசி முடித்தார்கள். ஒப்பந்தப்படி எல்லாருக்கும் கிடைத்ததா என்பது வேறு வழக்கு. ஆனால் ‘இவ்வளவு’ என்று காட்ட ஒரு தாளாவது உண்டு. தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு பெண்ணும் எச்.ஆர். அறைக்குள் தனியாகத்தான் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் என்னும் தையல் வேலையில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்த தங்கை சனிக்கிழமை கொண்டுவரும் பணம், பி.எஸ்சி. படித்த அக்காவின் சம்பளத்தை எட்டிப் பிடிக்கும் வீடுகள் அவிநாசியிலும் பெருமாநல்லூரிலும் உண்டு.

அரசுப் பக்கம்: மூன்று வாசல்

‘கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேலை’ என்றதும் ஒரே மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உள்ளே மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் இடையிலான தூரம் தனியாருக்கும் அரசுக்கும் இடையிலான தூரத்தைவிடப் பெரிது.

முதல் வாசல், 2012-ல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். காலமுறை ஊதியத்தில் நியமனம் என்றால் மாநில ஊதிய அட்டவணைப்படி சம்பளம். அட்டவணையின் அடிமட்டப் படியே 15,700 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம். அதாவது 9,106 ரூபாய் சேர்ந்து 24,806. வீட்டு வாடகைப்படி தனி. மருந்தாளுநருக்கு ஆரம்பமே 35,400. அதே அகவிலைப்படியைச் சேர்த்தால் 55,932. இத்தனைக்கும் மருந்தாளுநராக இரண்டாண்டு டி.பார்ம். போதும். நான்காண்டு படித்த பிசிஷியன் அசிஸ்டன்டுக்குத் தனியாரில் இந்தத் தொகையை எட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். மேலே சொன்ன நாற்காலிக் கணக்கு இங்கே பளிச்சென்று தெரிகிறது. இந்த வாசலில் கூட்டமும் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் வாசல், தொகுப்பூதியம், அதாவது படிகள் சேராத ஒரே மாதத் தொகை. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் தேசிய நலவாழ்வுக் குழும நிதியில் எடுக்கும் ஒப்பந்தப் பணிகள். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் தொகை: பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளருக்கு மாதம் 8,500, லேப் டெக்னீஷியனுக்கு 13,000, செவிலியருக்கு 18,000. ‘பணி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்திலும் நிரந்தரம் செய்யப்படாது’ என்ற வாசகம் அறிவிப்பிலேயே இருக்கும். சேர்ந்தவர்களும் வீட்டாரும் ‘எப்படியும் ஒருநாள் பர்மனென்ட் ஆகிவிடும்’ என்று நம்பிக்கொண்டுதான் சேர்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குத் தாளில் ஆதாரம் இல்லை.

மூன்றாம் வாசல், அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. 108 இதில் வரும். அரசு மருத்துவமனை வளாகத்திலேயே முகாம் நடப்பதால் பலர் இதை அரசு வேலை என்றே நினைக்கிறார்கள். சம்பளம் தருவது சேவையை நடத்தும் நிறுவனம். 2023 வாக்கில் முகாம் அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளருக்கு 15,000 சொச்சம் சொன்னார்கள். 2025-ல் 21,000 சொச்சம். பகல், இரவு என்று மாறி மாறி 12 மணி நேரப் பணி. வயது 19 முதல் 30 வரை. தொகை கொஞ்சம் கவர்ச்சியாக இருந்தாலும், மேலே ஏறப் படிகள் குறைவு. அதேசமயம் விபத்து, மாரடைப்பு, ஓடும் வண்டியில் பிரசவம் என்று அங்கே இரண்டு ஆண்டில் கிடைக்கும் கைப்பழக்கம் வேறெங்கும் கிடைப்பது கடினம்.

கொங்கில் அரசு மருத்துவமனைகளின் எண்ணிக்கையும் அளவும் கூடியிருக்கின்றன. கோவை மருத்துவக் கல்லூரி 1966-ல் வந்தது. சேலம் கல்லூரி 1986-ல். கரூர் 2019-ல். திருப்பூர், நாமக்கல், உதகைக் கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. போக்குவரத்துத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பெருந்துறைக் கல்லூரியும் இப்போது அரசுக் கல்லூரி. டெக்னீஷியன் தேவை கூடியது உண்மை. அந்தத் தேவை எந்த வாசல் வழியாக நிரப்பப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தனியார் ஆர்டரைப் படிப்பது எப்படி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர்காணலில் “பதினாறாயிரம்மா” என்கிறார்கள். முதல் மாதம் வங்கியில் விழுவது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ஏமாற்றிவிட்டார்களா? அவசியம் அப்படி இல்லை. (இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள், சராசரி என்று கொள்ள வேண்டாம்.)

1. மாதச் சம்பளம் 14,000 என்று வைப்போம். முழுவதும் அடிப்படையும் அகவிலைப்படியும் என்றே கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 12 சதவீதம், 1,680. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம், 105. கைக்கு வருவது 12,215.

2. நிர்வாகம் தன் பங்காக பி.எஃப்.புக்கு 1,680-ம் இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமான 455-ம் கட்டுகிறது. இந்த இரண்டையும் 14,000-உடன் கூட்டினால் 16,135. இதைத்தான் சி.டி.சி., அதாவது நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, என்கிறார்கள். நேர்காணலில் சொன்னது இந்தத் தொகை.

3. இனி நேரம். மாதம் 26 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 208 மணி. மணிக்கு 67 ரூபாய். அதே 14,000-க்கு 12 மணி நேர டூட்டி என்றால் 312 மணி. மணிக்கு 45 ரூபாய்கூட முழுதாக வராது. இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும்போது மாதத் தொகையைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இந்த மணிக் கணக்குப் போடுவது மேல்.

பிடித்தம் இல்லாமல் முழுத் தொகையையும் கையில் தருகிறோம் என்று சொல்லும் சின்ன நர்சிங் ஹோம்கள் உண்டு. இளம் வயதில் அது லாபமாகத் தோன்றும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்., 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. என்பது சட்டம். இ.எஸ்.ஐ. இருந்தால் மகப்பேறு விடுப்புக்குச் சம்பளம், குடும்பத்துக்குச் சிகிச்சை எல்லாம் உண்டு. வரம்பு 21,000. அதைத் தாண்டிக் கொஞ்சம் சம்பளம் ஏறினால், நடப்புச் சந்தா காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். 21,000-லிருந்து 21,500 ஆவது உண்மையில் உயர்வுதானா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் உள்ள தொழில்கள். அந்தக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ல் மாறும். அதற்குக் கீழே சம்பளம் பேசி யாரிடம் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாப் பணியாளருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு. கடைசி அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் ஐந்தாண்டுக்கு 34,615 ரூபாய் வரும். நான்கரை ஆண்டில் கோபித்துக்கொண்டு விலகுகிறவர்கள் ஒரு நிமிடம் இதை நினைக்கலாம்.

சம்பளத் தாளில் வராத வரவும் செலவும் உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சூலூரிலிருந்தோ துடியலூரிலிருந்தோ வருபவருக்கு இது மறைமுகச் சம்பள உயர்வு மாதிரி. ஆனால் இரவு பத்து மணிக்கு டூட்டி முடிந்தால் அந்த பஸ் கிடைக்காது, விடுதிதான் கதி. விடுதி ‘இலவசம்’ என்றால் மெஸ் கட்டணம் தனியா, லீவு நாளில் வெளியே விடுவார்களா, ஆள் வராத நாளில் அறைக்கே வந்து கூப்பிடுவார்களா என்று விசாரிப்பது நல்லது.

அப்புறம் ஒரிஜினல் சான்றிதழ். இரண்டு வருட பாண்ட் என்று சொல்லி மதிப்பெண் பட்டியலை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்வது நியாயம். அசலைப் பிடித்து வைப்பது ஆளைப் பிடித்து வைப்பதற்குச் சமம். வேறு நல்ல வேலை வந்தாலும் நகர முடியாது. பேரம் பேசும் சக்தியை முதல் நாளே ஒப்படைத்துவிட்டால், அடுத்த இரண்டு ஆண்டுக்கு உயர்வு எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

2021 சட்டம் எதை மாற்றும்?

துணை மருத்துவப் படிப்புகளுக்கு இந்தியா முழுமைக்கும் பொதுவான ஒழுங்கு பல காலம் இல்லை. மருத்துவருக்கு, செவிலியருக்கு, மருந்தாளுநருக்குத் தனித்தனிக் கவுன்சில் இருந்தது. டெக்னீஷியனுக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் வகுப்பு நடத்தலாம், யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம் என்ற நிலை. 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியத் துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது. தேசிய அளவில் ஓர் ஆணையம், மாநிலந்தோறும் ஒரு கவுன்சில், பத்துப் பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்குப் பதிவேடு. பிசிஷியன் அசிஸ்டன்ட் இதில் ‘பிசிஷியன் அசோசியேட்’ என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறார்.

இதில் குழப்பம் தரும் இடம், படிப்புக் காலம். சட்டம் இரண்டு நிலைகளை வகுக்கிறது. துணை மருத்துவத் தொழிலர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும். டிப்ளமோவும் செல்லும். நலவாழ்வுத் தொழிலர் என்றால் 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டு, பட்டம் கட்டாயம்.

இதன் விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. புதிதாக ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்பவர் இந்த வரையறைக்குள் வருவது கடினம். கட்டணம் குறைவு, அரசுக் கல்லூரி என்ற காரணங்களுக்காக அதை எடுப்பவர்கள் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இன்றைக்கு உடனே வேலை தரும் தாள், பத்து ஆண்டு கழித்துப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கலாம்.

2. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களைப் பதிவு செய்யச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அனுபவச் சான்று, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பது அவர்கள் வேலை. பிடித்தமே இல்லாமல் கையில் பணம் வாங்கியவர், தான் பத்து வருடம் வேலை செய்ததை எதைக் காட்டி நிரூபிப்பார்?

3. தொலைதூரப் படிப்பு செல்லாது. சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் திறந்தநிலை, தொலைதூர முறைகளில் நடத்தக் கூடாது என்று 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது.

4. சம்பளம்? சட்டத்தில் ஊதியம் பற்றி எதுவும் இல்லை. பதிவேடு வந்ததாலேயே யாருக்கும் ஆயிரம் ரூபாய் கூடிவிடாது. ஆனால் ‘பதிவு பெற்றவரைத்தான் வைக்க வேண்டும்’ என்ற நிலை மெல்ல மெல்ல வரும்போது, இதுவரை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடங்கள் சட்டம் கேட்கும் நாற்காலிகளாக மாறும். மருந்தாளுநருக்கு 1948 சட்டம் செய்ததை டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு 2021 சட்டம் செய்யக்கூடும். அதற்குப் பிடிக்கும் காலம் மாநிலக் கவுன்சிலின் சுறுசுறுப்பைப் பொறுத்தது.

வார்டு உதவியாளருக்கு இந்தச் சட்டத்தால் பெரிய லாபம் தெரியவில்லை. சில மாதப் பயிற்சி பெற்றவர் 2,000 மணிக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்.

ஏறும் வழி

வார்டு உதவியாளராகவே இருபது ஆண்டு இருந்தால் சம்பளம் ஏறுவது விலைவாசி அளவுக்குத்தான். அங்கிருந்து மேலே போக உண்மையான வழி, வேலையில் இருந்துகொண்டே ஏ.என்.எம்., டி.பார்ம்., லேப் டிப்ளமோ என்று பதிவுள்ள ஒரு படிப்புக்குத் தாவுவது. பதினெட்டு வயதில் சேர்ந்து இருபதில் தாவியவர்கள் தப்பித்தார்கள். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு தாவுவது வீட்டார் ஒத்துழைத்தால்தான் முடியும்.

டெக்னீஷியன்களில் டயாலிசிஸ், கேத் லேப், மயக்கவியல், கதிரியக்கம் ஆகிய பிரிவுகளுக்கு ஊர் தாண்டியும் மதிப்பு உண்டு. கோவையில் கற்ற கையோடு ஈரோடு, நாமக்கல், கரூர் என்று போனால், அங்கே புதிதாக யூனிட் தொடங்கும் மருத்துவமனை மூத்த டெக்னீஷியனைப் பொறுப்பாளராகவே எடுக்கும். சின்ன ஊருக்குப் போவது இறக்கம் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் பொருந்தாது. காப்பீட்டுத் திட்டங்களும் தரச்சான்று வாங்கும் போட்டியும் பெருகியதில், தகுதியுள்ள ஆட்களின் கோப்பைக் காட்ட வேண்டிய கட்டாயம் தாலுகா அளவு மருத்துவமனைக்கும் வந்துவிட்டது.

பிசிஷியன் அசிஸ்டன்டுக்கு மூன்று பாதைகள் தெரிகின்றன. இதயம், எலும்பு, நரம்பு அறுவை போன்ற ஒரு துறையில் ஊன்றிப் போய் அந்த யூனிட்டின் தவிர்க்க முடியாத ஆளாவது ஒன்று. மருத்துவமனை நிர்வாகம் படித்து அலுவலகப் பக்கம் நகர்வது இன்னொன்று. மூன்றாவது, மெடிக்கல் கோடிங். அமெரிக்கக் காப்பீட்டுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் இந்த வேலைக்குக் கோவையிலும் சேலத்திலும் நிறுவனங்கள் இருக்கின்றன. நோயாளியின் முகத்தையே பார்க்காத வேலை என்று சிலர் குறைப்படுவார்கள். இரவு டூட்டியில் கால் வீங்கியவர்களுக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

வெளிநாட்டுக் கணக்கு

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு கோடி ரூபாய்க்கு வருவோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2024 மே மாதம் பிசிஷியன் அசிஸ்டன்டின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) 1,33,260 டாலர். மெடிக்கல் அசிஸ்டன்டுக்கு 44,200 டாலர். ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு. தமிழில் இரண்டுக்கும் ‘மருத்துவ உதவியாளர்’ என்று போட்டுவிடுவதால் வந்த வினை இது.

சரி, நம் ஊரில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் முடித்தவர் அங்கே போய் 1,33,260 வாங்க முடியுமா? நேராக முடியாது. அங்கே அது முதுநிலைப் படிப்பு. அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து முடித்தவரே உரிமத் தேர்வு எழுத முடியும். மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை அங்கே வளர்கிறதா என்றால், ஆமாம். 2024 முதல் 2034 வரை 12 சதவீத வளர்ச்சியை அத்துறை கணிக்கிறது. ஆனால் அதற்குப் பட்டம் தேவையில்லை என்பதால், பட்டதாரித் தொழில்களுக்கான வேலை விசா வழக்கமாகக் கிடைக்காது. செவிலியருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் குடியேற்றத்தில் உள்ள சலுகை வரிசையில் இவருக்கு இடமில்லை.

வளைகுடா நாடுகள் நடைமுறையில் எட்டக்கூடியவை. அங்கே லேப், எக்ஸ்ரே, மயக்கவியல் டெக்னீஷியன்களுக்கு உரிமம் உண்டு. சான்றிதழ்களை மூலத்தில் சரிபார்ப்பார்கள், கணினித் தேர்வு வைப்பார்கள், பணி அனுபவம் கேட்பார்கள். சரிபார்ப்புக் கடிதம் கல்லூரிக்கும் பழைய மருத்துவமனைக்கும் நேராகப் போகும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவரும், சம்பளச் சீட்டு இல்லாத இடத்தில் வேலை செய்தவரும் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள்.

ஏஜென்ட் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. மத்திய அரசில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றும் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் குடியேற்ற இணையதளத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.